காத்திருக்கிற தாயிடம் "பொறுமையாக இருங்கள்" என்று சொல்லலாமா?

மாதகல் மகள்

நத்தாருக்கு முந்தின திருவருகைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் எங்கள் பங்கில் தாய்மாருக்கு ஒரு மாலைத் தியானம் வைக்கிறோம். நம்பிக்கையோடு காத்திருத்தல் பற்றிப் பேசும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நான்கு ஞாயிறுகள், ஊதா மெழுகுதிரிகள், மூன்றாம் ஞாயிறுக்கு ரோஜா நிறம், பிறகு மீட்பரைக் காணக் காத்திருந்த முதியவர்கள் சிமியோன், அன்னாள் என்று வழமையாகச் சொல்வதை எழுத அதிக நேரம் வேண்டாம். என்னை மறிக்கிறது வேறு ஒரு விஷயம்.

கேட்க வருகிறவர்களில் சிலர் யுத்தத்தில் காணாமல் போன மகனையோ கணவரையோ 2009இலிருந்து தேடிக்கொண்டிருப்பவர்கள். 1996இலிருந்து தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அண்மையில் ஒரு செபக் கூட்டத்தில் அப்படி ஒரு அம்மா "கடவுள் ஏன் ஒன்றும் சொல்கிறாரில்லை" என்று சத்தம் போட்டு அழுதார். பக்கத்தில் இருந்தவர், "அப்படிக் கேட்கக் கூடாது, அது நம்பிக்கையீனம், பொறுமையாக இருங்கள்" என்றார். அதற்குப் பிறகு அந்த அம்மா வாய் திறக்கவே இல்லை.

சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. செத்த வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் எங்களில் பலர் இதையேதான் சொல்லுகிறோம். ஆனால் எனக்கு இது சரியாகப் படவில்லை. ஏன் சரியில்லை என்று வேதாகமத்தை வைத்துச் சொல்லத் தெரிய வேண்டும், அதற்குத்தான் இங்கே கேட்கிறேன். கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்த, அங்கிலிக்கன், சுயாதீன சபை எல்லோரும் எழுதலாம். சபைச் சண்டை மட்டும் வேண்டாம்.

வட்டுக்கோட்டை மாஸ்டர்

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள் பிள்ளை. நான் தென்னிந்தியத் திருச்சபைக்காரன். எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் இருந்து வசனங்களைத் தருகிறேன், உங்கள் பதிப்பில் சொற்கள் கொஞ்சம் மாறியிருக்கும்.

காத்திருத்தலுக்கு எல்லோரும் எடுக்கும் வசனம் ரோமர் 8:25. "நாம் காணாததை நம்பினோமாகில், அது வருகிறதற்குப் பொறுமையோடே காத்திருப்போம்." தனியே வெட்டி எடுத்து வாழ்த்து அட்டையில் போட்டால் இது மிகவும் அமைதியான வசனம். கொஞ்சம் மேலே போய்ப் பாருங்கள். 22இல் சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவ வேதனைப்படுகிறது. 23இல் நாங்களும் எங்களுக்குள்ளே தவிக்கிறோம். கீழே 26க்கு வந்தால் ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார். படைப்பும் தவிக்கிறது, விசுவாசியும் தவிக்கிறான், ஆவியானவரும் பெருமூச்சு விடுகிறார். பவுல் சொன்ன பொறுமை இவ்வளவு சத்தத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது.

சங்கீதம் 40இல் "கர்த்தருக்காகப் பொறுமையுடன் காத்திருந்தேன்" என்று சொல்கிற அதே தாவீதின் பெயரில்தான் 13ஆம் சங்கீதமும் இருக்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு தடவை எதுவரைக்கும் என்று கேட்கிறார். அதைக் கேட்ட வாய்தான் ஐந்தாம் வசனத்தில் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்கிறது. கேள்வியை விட்டுவிட்டு நம்பிக்கைக்குப் போகவில்லை, கேள்வி வழியாகப் போகிறார்.

யோபுவின் கடைசி அதிகாரத்தையும் அந்தக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். யோபு பக்கம் பக்கமாகக் கடவுளிடம் வழக்குப் பேசினார். நண்பர்கள் கடவுளுக்காகப் பரிந்து பேசினார்கள். முடிவில் கடவுள் அந்த நண்பர்களிடம் சொன்னது: "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை." 42:7. அந்த அம்மாவின் வாயை அடைத்தவருக்கும் இந்த வசனத்தை அன்போடு காட்டலாம்.

அச்சுவேலி விசுவாசி

மாஸ்டர் சொன்னது சரி. ஆனால் ஆபிரகாமைப் பாருங்கள். 75 வயதில் அழைப்பு, 100 வயதில் ஈசாக்கு. 25 வருடம் முறுமுறுக்காமல் காத்திருந்தார். அதனால்தானே விசுவாசத்தின் தகப்பன் என்கிறோம்? அழுகை வரலாம், ஆனால் கடவுளைக் கேள்வி கேட்கப் பழகினால் பிறகு நிறுத்த ஏலாது.

தெல்லிப்பழைத் தாதி

முறுமுறுக்காமல் காத்திருந்தார் என்று ஆதியாகமத்தில் எங்கே இருக்கிறது அண்ணா? 15ஆம் அதிகாரத்தில் "அடியேனுக்கு என்ன தருவீர்? நான் பிள்ளையில்லாமல் இருக்கிறேனே" என்று நேரே கேட்கிறார். அதற்குக் கடவுள் கோபிக்கவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போய் நட்சத்திரங்களைக் காட்டுகிறார்.

இன்னொன்று. 86 வயதில் இஸ்மவேல் பிறந்ததையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும். சாராளும் ஆபிரகாமும் காத்திருக்க முடியாமல் எடுத்த முடிவின் சுமையை வனாந்தரத்தில் ஒரு குழந்தையோடு சுமந்தவள் ஆகார். அவளைப் பற்றி எங்கள் பிரசங்கங்களில் கதைப்பது குறைவு. அந்தக் கதையில் கேள்வி கேட்டதால் யாருக்கும் கேடு வரவில்லை. அவசரப்பட்டதால் ஒரு அடிமைப் பெண்ணுக்குக் கேடு வந்தது.

நான் வேலை செய்வது புற்றுநோய் விடுதியில். வருகிற நோயாளிகளில் சிலருக்கு யாரோ ஒரு ஊழியர் திகதி குறித்துக் கொடுத்திருப்பார். இந்த மாதத்துக்குள் சுகம், விசுவாசித்தால் மட்டும் போதும் என்று. திகதி கடந்தால் நோயாளி தன் விசுவாசத்தைத்தான் சந்தேகப்படுகிறார். நோவோடு குற்றவுணர்வும் சேர்ந்துவிடுகிறது. சிலர் மருந்தையும் இடையில் விட்டுவிடுகிறார்கள். காத்திருத்தல் பற்றிப் பேசும்போது இதையும் தயவுசெய்து சொல்லுங்கள் அக்கா.

வட்டுக்கோட்டை மாஸ்டர்

தாதிப் பிள்ளை சொன்ன திகதி விவகாரம் வேதாகமத்திலேயே இருக்கிறது. எரேமியா 28. பாபிலோனுக்குச் சிறைபோனவர்கள் இரண்டு வருடத்தில் திரும்பி வருவார்கள் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் வைத்து எல்லோருக்கும் முன்னால் சொல்கிறான். கேட்க இனிப்பான செய்தி. எரேமியாவே முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். பிறகுதான் அது பொய் என்று வெளிப்படுகிறது.

அடுத்த அதிகாரத்தில் எரேமியா சிறைப்பட்டுப் போனவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். எழுபது வருடம் ஆகும். எங்கள் வீட்டுச் சுவர்க் கலண்டர்களில் வருகிற "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்ற 29:11, இந்த எழுபது வருடத்துக்கு அடுத்த வசனம். கடிதத்தை வாசித்துக் கேட்ட பெரியவர்களில் அநேகர் அந்த முடிவைத் தங்கள் கண்ணால் காணப் போவதில்லை என்று எரேமியாவுக்குத் தெரியும். அப்படித் தெரிந்தும் தோட்டம் வைக்கச் சொன்னார். நான் இந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் நின்றுவிடுவேன்.

மயிலிட்டிப் பேரன்

மாஸ்டர், இதை எங்கள் ஆக்கள் வாழ்ந்தே பார்த்தார்கள். 1990 ஜூனில் யுத்தத்தால் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டபோது ஒரு கிழமையில் திரும்பி வரலாம் என்றுதான் பெட்டியைக் கட்டினார்களாம். இராணுவத்திடமிருந்து துறைமுகப் பக்கம் விடுபட்டது 2017 ஜூலையில். அம்மப்பா முகாமில் இருந்தபடியே கண்ணை மூடினார். அவர் முகாமில் முருங்கையும் தேசிக்காயும் நட்டவர். "போகப்போற ஆள் ஏன் மரம் வைக்கிறீர்" என்று கேட்டவர்களுக்கு, "நான் போனாலும் இங்க ஆரும் இருப்பினம்தானே" என்று சொல்லுவாராம். எரேமியாவின் கடிதம் அவருக்குத் தெரிந்திருந்ததோ தெரியாது.

திரும்பிப் போனவர்களுக்கும் எல்லாம் நிறைவேறிவிடவில்லை. வீடு இருந்த இடத்தில் பற்றை. சிலருடைய காணி இன்னும் விடுபடவில்லை. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களும் இடிந்த மதிலைத்தானே கண்டார்கள்.

மிருசுவில் வயல்

யாக்கோபு 5:7ஐ யாரும் இன்னும் சொல்லவில்லையே. "பயிரிடுகிறவன் பூமியின் நற்பலனை அடையவேண்டுமென்று, முன்மாரியும் பின்மாரியும் வருமளவும், நீடிய பொறுமையோடே காத்திருக்கிறான்." நாங்கள் காலபோகத்துக்குப் புழுதி விதைப்பு விதைக்கிற ஆக்கள். மழை வந்த பிறகு விதைக்கிறதில்லை, வரும் என்று காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறோம். விதைக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனை ஊரில் ஒருவரும் பொறுமைசாலி என்று சொல்ல மாட்டார்கள்.

அதே அதிகாரத்தின் 4ஆம் வசனத்தையும் பாருங்கள். வயலறுத்த வேலைக்காரருடைய கூலி அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது, அந்தக் கூக்குரல் சேனைகளின் கர்த்தருடைய செவிகளில் பட்டது என்கிறார் யாக்கோபு. பொறுமையாக இருங்கள் என்று அவர் சொன்னது அநியாயம் செய்யப்பட்டவர்களுக்கு. ஆனால் அதற்கு முதல் அநியாயம் செய்தவனைப் பிடித்து உலுக்கிவிட்டுத்தான் சொன்னார்.

குருநகர் அலை

எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. எங்கள் அம்மம்மா ஒரு கேள்வியும் கேட்டவரில்லை. மாமா தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை, கடலா கடற்படையா என்று இன்று வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. அம்மம்மா நெடுக யாகப்பர் கோயிலில் செபமாலையோடு இருப்பார். 1993 நவம்பரில் அதே கோயிலில் குண்டு விழுந்து, பூசைக்குப் போன ஆக்கள் செத்தார்கள். அதற்குப் பிறகும் போனார். கடவுளிடம் ஏன் என்று ஒரு நாளும் கேட்டதாக எங்களுக்குத் தெரியாது.

முறையிடுகிறவர்தான் உண்மையாக நம்புகிறவர் என்று இந்த இழை போனால், அம்மம்மாவைப் போன்றவர்களை என்ன செய்வது? அவருடைய மௌனம் குறைந்ததா?

ஒரு மறையாசிரியை

குறைந்ததில்லை தம்பி. மரியாள் இவைகளையெல்லாம் தன் இருதயத்தில் வைத்துச் சிந்தித்தாள் என்று லூக்கா எழுதுகிறார், அது அம்மம்மாவின் வழி. ஆனால் அதே இரண்டாம் அதிகாரத்தில் அதே மரியாள் மூன்று நாள் மகனைத் தேடி அலைந்து, கண்டுபிடித்த இடத்தில் என்ன கேட்டார்? "மகனே! ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய்? உன் தகப்பனும் நானும் விசாரத்தோடே உன்னைத் தேடினோமே." மரியாள் பட்ட ஏழு வியாகுலங்களில், அதாவது துயரங்களில், இது மூன்றாவது. தபசு காலத்தில் வியாகுலப் பிரசங்கம் படித்து அழுகிற எங்கள் ஊர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. மகனைத் தேடி அலைந்த தாய் கடவுளின் மகனிடமே ஏன் என்று கேட்டிருக்கிறார். அவரைத்தான் நாங்கள் தினமும் "அருள் நிறைந்த" என்று வாழ்த்துகிறோம்.

ஒருவர் தானாகத் தேர்ந்துகொண்ட மௌனத்தை நாங்கள் மதிக்க வேண்டும். அடுத்தவர் மேல் போடுகிற மௌனம் வேறு. மாதகல் மகள் சொன்ன அம்மாவுக்கு நடந்தது இரண்டாவது.

நவாலியிலிருந்து

குண்டு விழுந்த கோயில்களைப் பற்றிக் கதை வந்தபடியால் எழுதுகிறேன். 1995 ஜூலை 9. இடம்பெயர்ந்து வந்தவர்கள் எங்கள் புனித பேதுரு ஆலயத்திலும் சுற்றிலும் அடைக்கலம் தேடி இருந்தார்கள். கோயில் என்றால் தப்பலாம் என்று வந்தவர்கள். விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள், அதில் குழந்தைகளும்.

அவர்களும் செபித்துக்கொண்டு, கடவுளை நம்பிக் காத்திருந்தவர்கள்தானே? காத்திருக்கிறவர்கள் புதுப்பெலன் அடைந்து கழுகுகளைப் போல எழும்புவார்கள் என்று ஏசாயா 40ஐ ஒவ்வொரு திருவருகைக் காலத்திலும் வாசிக்கிறோம். நான் இன்னும் விசுவாசிதான், பூசைக்குப் போகிறேன். ஆனால் அந்த வசனம் வருகிறபோது எனக்கு வாய் வருவதில்லை.

வட்டுக்கோட்டை மாஸ்டர்

நவாலித் தம்பி, அல்லது தங்கச்சி, உங்களுக்குச் சொல்ல என்னிடம் விளக்கம் ஒன்றும் இல்லை. விளக்கம் சொல்ல முயன்றால் யோபுவின் நண்பர்களோடு சேர்ந்துவிடுவேன். சங்கீதம் 88ஐ மட்டும் சொல்கிறேன். மற்ற முறையீட்டுச் சங்கீதங்களில் அநேகம் முடிவில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும். 88 திரும்பாது, கடைசிச் சொல் வரைக்கும் இருள்தான். அதையும் எங்கள் முன்னோர் செபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள். ஏசாயா 40க்கு வாய் வராத நாளில் 88ஐச் சொல்லுங்கள். அதுவும் வேதாகமம்தான்.

வெளிப்படுத்தல் 6ஐயும் பாருங்கள். கொல்லப்பட்டவர்களுடைய ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து எதுவரைக்கும் என்று மகா சத்தமாய்க் கேட்கிறார்கள். பரலோகத்தில் கேட்கிறார்கள். பரலோகத்திலேயே தடை செய்யாத கேள்வியை ஒரு செபக் கூட்டத்தில் தடை செய்ய எங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

சில்லாலைக்காரன்

எங்கள் ஊர் விஷயம் ஒன்று, மாதகலுக்குப் பக்கம் என்பதால் அக்காவுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருமாருக்கு இங்கே இடமில்லை. பூசை தடை. 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகள் வேலையாள் போல வேடம் போட்டு வந்து இறங்கும் வரைக்கும், ஏறக்குறைய முப்பது வருடம், குருவோ நற்கருணையோ இல்லை. ஒரு தலைமுறை பூசையைக் காணாமலே வளர்ந்து கலியாணம் முடித்துப் பிள்ளையும் பெற்றுவிட்டது.

அடிகள் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அந்த மாலையைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் கத்தோலிக்கரை அடையாளம் கண்டார் என்று சொல்லுவார்கள். பிறகு சில்லாலையில் தங்கியிருந்துதான் மறைவாகச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய் வந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.

எல்லோரும் அடிகளைத்தான் கொண்டாடுகிறோம். எனக்கு அந்த முப்பது வருடத்து ஆக்களைத்தான் நினைக்க வரும். ஒரு குரு வருவார் என்று அவர்களுக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளுக்குப் பரலோக மந்திரம் சொல்லிக் கொடுத்த பெண்கள்தான் அந்த ஆயத்தத்தைச் செய்தவர்கள். அவர்கள் அதைச் செய்யாமல் விட்டிருந்தால், அந்த மாலையைப் பார்த்து மாற ஒரு முகமும் இருந்திருக்காது.

அச்சுவேலி விசுவாசி

தாதித் தங்கச்சி சொன்ன ஆதியாகமம் 15ஐத் திரும்ப வாசித்தேன். கேட்கலாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வீதியில் பதாகையோடு இருக்கிறதையும் சிலர் காத்திருத்தல் என்கிறார்கள். அது அரசியல். செபத்தோடு அதைக் கலக்க வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.

மிருசுவில் வயல்

லூக்கா 18இல் வருகிற விதவை எங்கே போனாள்? நீதிபதியிடம் போனாள். "எனக்கு நியாயம் செய்யும்" என்று திரும்பத் திரும்பப் போனாள். சோர்ந்துபோகாமல் ஜெபம் பண்ண வேண்டும் என்று சொல்லித் தரத்தான் ஆண்டவர் இந்தக் கதையைச் சொன்னார் என்று முதல் வசனத்திலேயே லூக்கா எழுதிவிட்டார். ஜெபத்துக்கு உதாரணமாக அவர் எடுத்தது, அலுவலக வாசலில் நின்ற ஒரு விதவையை.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல், காணாமல் போன பிள்ளைகளுக்கு நீதி கேட்டுத் தாய்மார் வீதியோரம் உட்கார்ந்தார்கள். அதில் சைவத் தாய்மாரும் கிறிஸ்தவத் தாய்மாரும் சேர்ந்தே இருந்தார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த விதவைதான் தெரிகிறாள் ஐயா. இதை உங்களோடு வாதாடுவதற்காக எழுதவில்லை.

காத்திருப்பவரின் மகள்

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டு வருகிறேன். எழுதுவதா விடுவதா என்று தெரியாமல் இருந்தேன். என் அண்ணா 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களில் ஒருவர். அவரோடு போன கூட்டத்தில் அருட்தந்தை பிரான்சிஸ் யோசப்பும் இருந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். குருவானவர் கூட இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் அம்மா அண்ணாவை அனுப்பினார்.

"பொறுமையாக இருங்கள்" என்று சொல்பவர்கள் மேல் அம்மாவுக்குக் கோபம் இல்லை. அம்மாவை நோகச் செய்வது வேறு ஒன்று. ஒவ்வொரு நவம்பரும் இறந்தோர் மாதத்துக்குக் கோயிலில் ஒரு கடதாசி தருவார்கள், வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்க. அப்பாவின் பெயரை எழுதுவார், அம்மம்மா அப்பப்பா எல்லோருடைய பெயரும் எழுதுவார். பிறகு பேனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருப்பார். அண்ணாவின் பெயரை எழுதினால் தானே அவரைக் கொன்ற மாதிரி. எழுதாமல் விட்டால், அவர் உண்மையிலே இல்லையென்றால், அவருடைய ஆத்துமாவுக்கு ஒருவரும் செபிக்கவில்லையே என்ற பயம். எழுதாமலே கொடுத்துவிட்டு, அன்றிரவு நித்திரை கொள்ள மாட்டார்.

மரணச் சான்றிதழ் எடுத்தால் இன்னின்ன கிடைக்கும் என்று அலுவலர்கள் வந்து சொன்னபோதும் இதே கேள்விதான். எடுத்தால் நம்பிக்கையை விட்டதாகிவிடுமா? 2025இல் செம்மணியில் சித்துப்பாத்தி மயானத்தில் மனிதப் புதைகுழியைத் தோண்டத் தொடங்கிய நாளிலிருந்து அம்மா பேப்பர் வாசிக்கிறதையே விட்டுவிட்டார். அது எங்களுடைய ஆக்களின் காலத்து விஷயம் இல்லை, அதற்கு முந்தியது என்று சொல்லிப் பார்த்தேன். "ஆருடைய பிள்ளை என்றாலும் பிள்ளைதானே" என்றார்.

நம்பிக்கையோடு காத்திருத்தல் என்று பேசப் போகிறீர்கள். எதை நம்பி? அவர் வருவார் என்றா, அவர் ஆண்டவரிடம் இருக்கிறார் என்றா? அம்மாவால் இரண்டையும் ஒரே நேரத்தில் நம்ப முடியவில்லை. ஒன்றை விடவும் முடியவில்லை.

ஒரு மறையாசிரியை

தங்கச்சி, நீங்கள் எழுதியதற்கு நன்றி. முதலில் கடதாசி விஷயம், அதற்கு நேரான வழி ஒன்று இருக்கிறது. பூசைக் கருத்து இறந்தவர்களுக்கு மட்டும் உரியதில்லை, உயிரோடு இருப்பவர்களுக்கும் பூசை ஒப்புக்கொடுக்கலாம். அதனால் அம்மா அந்த நவம்பர்க் கடதாசியில் எழுதத் தேவையே இல்லை. வேறொரு நாளில், அண்ணாவின் பிறந்த நாளிலோ நாமத் திருநாளிலோ, பெயரை மட்டும் கொடுத்து ஒரு பூசை கேளுங்கள். பெயருக்கு முன்னால் "இறந்த" என்றும் போட வேண்டாம், "சுகத்துக்காக" என்றும் போட வேண்டாம். அவர் எங்கே இருக்கிறார் என்று கடவுளுக்குத் தெரியும். நாங்கள் சொல்லித்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. உங்கள் பங்குத்தந்தையிடம் இப்படியே சொல்லுங்கள், அவர் விளங்கிக்கொள்வார்.

சான்றிதழ் என்பது அரசாங்கத்துக் கடதாசி. அதை எடுக்கிற தாயையும் எடுக்காத தாயையும் திருச்சபை ஒரே மாதிரித்தான் அணைக்க வேண்டும். இதை வைத்து ஒருவரின் விசுவாசத்தை அளக்க யாருக்கும் உரிமையில்லை.

இரண்டையும் ஒரே நேரத்தில் நம்ப முடியவில்லை என்று எழுதினீர்கள். அம்மா இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும் என்று கிறிஸ்தவ விசுவாசம் கேட்கவில்லை என்றுதான் நான் விளங்கியிருக்கிறேன். அண்ணா உயிரோடு இருந்தாலும் ஆண்டவரின் கையில் இருக்கிறார். இல்லையென்றாலும் அதே கையில்தான், அங்கே உயிர்ப்பு இருக்கிறது. மகனை மறுபடி காண்பேன் என்று அம்மா நம்புவது இரண்டு வழியிலும் வீண்போகாது. ஆனால் இதை நான் எழுதுவது சுகம், அம்மாவுக்கு இரவு கழிவது சுகமில்லை. அதையும் அறிந்துதான் எழுதுகிறேன்.

வட்டுக்கோட்டை மாஸ்டர்

பிள்ளை, அம்மாவுக்கு ரிஸ்பாளின் கதை தெரியுமோ? 2 சாமுவேல் 21. பிரசங்கத்தில் இதை எடுப்பவர்கள் குறைவு. சவுல் வீட்டுப் பிள்ளைகள் ஏழு பேரை அரசியல் கணக்குத் தீர்ப்பதற்காகக் கொன்று மலையில் விட்டுவிடுகிறார்கள், அதில் இருவர் ரிஸ்பாளின் பிள்ளைகள். அவள் இரட்டுப்புடவையைப் பாறையில் விரித்து, அறுவடை தொடங்கின நாள் முதல் மழை பெய்கிற வரைக்கும், பகலில் பறவைகளும் இரவில் மிருகங்களும் உடல்களை அண்டாதபடி காத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். அந்த அதிகாரம் முழுவதிலும் அவள் பேசினதாக ஒரு வார்த்தை இல்லை. குருநகர்த் தம்பியின் அம்மம்மாவையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

அந்தச் செய்தி தாவீது ராசாவின் காதுக்குப் போனது. அவர் போய், கொல்லப்பட்டவர்களின் எலும்புகளையும், எத்தனையோ காலத்துக்கு முன் செத்த சவுல், யோனத்தான் எலும்புகளையும் எடுப்பித்து முறையாக அடக்கம் செய்வித்தார். தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைக் கடவுள் கேட்டருளினது அதற்குப் பிறகுதான் என்று எழுதியிருக்கிறது. ஏழு பேரைக் கொன்றபோது கேட்கவில்லை. ஒரு தாய் அசையாமல் இருந்து, எலும்புகள் மரியாதையோடு மண்ணுக்குப் போன பிறகு கேட்டார்.

செம்மணிக்கும் இதுதான் நான் வைத்திருக்கும் வசனம். அம்மா பேப்பர் வாசிக்காமல் இருக்கட்டும். வாசிக்கிற பொறுப்பை மற்ற நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குருநகர் அலை

மாஸ்டர், இந்த அதிகாரத்தை இன்றைக்குத்தான் முதல் தடவையாக வாசித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

அச்சுவேலி விசுவாசி

காத்திருப்பவரின் மகளுக்கு: உங்கள் அண்ணாவின் பெயரைத் தனிச் செய்தியில் அனுப்ப விருப்பமென்றால் அனுப்புங்கள். எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் இருக்கிறது. மறையாசிரியை அக்கா சொன்னபடி, பெயரை மட்டும் சொல்லி ஜெபிக்கிறோம்.

மாதகல் மகள்

எல்லோருக்கும் நன்றி. எழுதி வைத்திருந்த குறிப்பைப் புதிதாக எழுதப் போகிறேன். சிமியோனும் அன்னாளும் இருப்பார்கள். ஆனால் தொடக்கம் சங்கீதம் 13. அதை நான் தனியாக வாசிக்காமல், எதுவரைக்கும் என்று வருகிற நான்கு இடத்தையும் எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்ல வைக்கலாம் என்று நினைக்கிறேன். பிறகு ரிஸ்பாள். ஏசாயா 40ஐ இந்த முறை விடுகிறேன், நவாலியிலிருந்து எழுதியவருக்காக. அவருக்கு வாய் வருகிற வரைக்கும் அவருக்கும் சேர்த்து வேறு யாராவது வாசிப்பார்கள்.

பேச்சைச் சுருக்கி, மிச்ச நேரத்தை அம்மாமார் தாங்கள் தேடுகிறவர்களின் பெயர்களைச் சொல்ல விடப்போகிறேன். இறந்தவர்கள், இருப்பவர்கள் என்று பிரிக்காமல். "பொறுமையாக இருங்கள்" என்று அன்றைக்கு யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது என்று முதலிலேயே அன்பாகக் கேட்டுக்கொள்வேன்.

காத்திருப்பவரின் மகளே, அம்மா வர விரும்புவாரா? கூட்டிக்கொண்டு வர ஓட்டோ ஒழுங்கு செய்யலாம்.

காத்திருப்பவரின் மகள்

கேட்டேன் அக்கா. வருகிறாராம். முன்வாங்கில் இருத்த வேண்டாம், யன்னல் பக்கம் இருந்தால் அவருக்கு ஆறுதல். பெயரைச் சொல்லச் சொல்லி அவரைக் கேட்காதீர்கள். தானாகச் சொன்னால் சொல்லட்டும். சொல்லாவிட்டால் நான் சொல்லுகிறேன்.